தெருவுக்குத் தோள் காட்டி நிற்கும் வீடுகள்: சார்ல்ஸ்டன் 'ஒற்றை வீட்டின்' கட்டுமானம்

அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலத்துத் துறைமுக நகரமான சார்ல்ஸ்டனில், பிராட் தெருவுக்குத் தெற்கே உள்ள பழைய குடியிருப்பில், பல வீடுகளின் தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போய்விட முடியாது. கதவுக்கு அப்பால் இருப்பது நீண்ட திறந்த தாழ்வாரம். ஒரு பக்கம் வீட்டின் நெடுஞ்சுவர், மறுபக்கம் தூண் வரிசை, தூண்களுக்கு வெளியே தோட்டம். அந்தத் தாழ்வாரத்தில் பாதி தூரம் நடந்த பிறகுதான் வீட்டின் உண்மையான நிலைவாசல் வரும். தெருவில் இருப்பது தாழ்வாரத்தின் கதவு. அது திறந்திருந்தால் விருந்தாளி வரலாம், சாத்தியிருந்தால் வீட்டார் ஓய்வில் இருக்கிறார்கள் என்பது ஊர் வழக்கு.

இந்த அமைப்புக்கு அந்த ஊரில் 'ஒற்றை வீடு' என்று பெயர். தெருவை ஒட்டி ஒரே ஓர் அறையின் அகலம்தான், சுமார் 20 அடி. உள்நோக்கி நடுவில் மாடிப்படிக் கூடம், அதற்கு முன்னே ஓர் அறை, பின்னே ஓர் அறை. இதே தளவமைப்பு இரண்டு அல்லது மூன்று மாடிகளுக்குத் திரும்பத் திரும்ப வரும். நெடும்பக்கம் முழுவதும் மாடிக்கு மாடி தாழ்வாரம். இத்தாலியச் சொல்லை எடுத்து அவர்கள் அதை 'பியாசா' என்கிறார்கள்.

சார்ல்ஸ்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முகப்பின் வண்ணத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஈஸ்ட் பே தெருவில் வெளிர்நிறங்களில் வரிசையாக நிற்கும் 'வானவில் வரிசை' வீடுகளின் படம்தான் எல்லா இடத்திலும் வருகிறது. ஒற்றை வீடு தெருவுக்குக் காட்டுவது அதன் குறுகிய தோளை மட்டுமே. அதைப் பக்கவாட்டிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் பார்த்தால்தான் ஏன் அப்படிக் கட்டினார்கள், இன்று எது அதைக் கெடுக்கிறது என்ற இரண்டும் விளங்கும்.

மனையும் தீயும்

ஆங்கிலேயர் 1670இல் ஆஷ்லி ஆற்றின் மேற்குக் கரையில் குடியேறி, 1680இல் ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட தீபகற்பத்துக்கு ஊரை மாற்றினார்கள். மனைகள் உள்நோக்கி நீண்டவை. வணிக நகரத்தில் தெருமுகம் விலை அதிகம் என்பதால் அவை மேலும் மேலும் குறுகலாகப் பிரிக்கப்பட்டன. தெருமுக அகலத்துக்கு வரி விதித்ததால்தான் வீடுகளைக் குறுக்கிக் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்லும் கதைக்கு ஆதாரம் கிடையாது. குறுகிய மனையில் காற்றுக்கு வழிவிட்டு, பின்னால் முற்றத்துக்கு வண்டி போக இடம்விட்டு வீட்டைக் கட்டுவது எப்படி என்ற கேள்விக்கு ஊர் கண்டுபிடித்த விடை இது. 18ஆம் நூற்றாண்டு வீடுகள் பலவற்றில் தெருவோர அறை கடையாகவோ கணக்கறையாகவோ இருந்தது. அந்த அறைக்குத் தெருவிலிருந்து தனிக்கதவு, குடும்பத்துக்குப் பக்கவாட்டு வழி.

1740 நவம்பர் 18ஆம் தேதி மூண்ட தீயில் சுமார் 300 கட்டடங்கள் போயின. அதற்குப் பிறகு செங்கல்லிலோ கல்லிலோதான் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அது நெடுநாள் கறாராக நிற்கவில்லை, மரவீடுகள் மறுபடி எழுந்தன. 1838இல் ஆன்சன்பரோ பகுதி எரிந்தபோது அதே கட்டளை மறுபடி வந்தது. தெருவுக்குத் தெரு செங்கல் வீடும் மரவீடும் கலந்து நிற்பதற்குக் காரணம் இந்த இழுபறிதான்.

வெயிலின் கணக்கு

பியாசா ஏறக்குறைய எப்போதும் தெற்கையோ மேற்கையோ பார்த்து இருக்கும். கோடையில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருவது ஒரு காரணம், இன்னொன்று வெயில். சார்ல்ஸ்டன் ஏறக்குறைய 33 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் கடைசியில் உச்சிவேளைச் சூரியன் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட 81 டிகிரி உயரத்தில் நிற்கும், டிசம்பர் கடைசியில் 34 டிகிரிதான். 10 அடி அகலமும், தரையிலிருந்து விட்டம் வரை 10 அடி உயரமும் உள்ள ஒரு தெற்குப் பியாசாவை எடுத்துக்கொள்வோம். கோடை உச்சிவெயில் தரையில் ஒன்றரை அடிக்குச் சற்று மேல்தான் உள்ளே வரும், வீட்டுச் சுவரைத் தொடவே தொடாது. குளிர்காலத்தில் அதே உச்சிவெயில் தாழ்வாரம் முழுவதையும் கடந்து, சுவரில் மூன்றேகால் அடி உயரம் வரை ஏறி, திறந்த கதவின் வழியாக உள்ளறைக்கும் போகும். சென்னையில் இருக்கிறவர்களுக்கு இது புதிதாகப் படும். அங்கே கோடையில் சூரியன் உச்சந்தலையைக் கடந்து வடக்கே போய்விடுகிறது, குளிர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சார்ல்ஸ்டனில் ஒரே தாழ்வாரம் கோடைக்குக் குடையாகவும் குளிருக்குக் கணப்பாகவும் வேலை செய்கிறது.

மேற்குப் பார்த்த பியாசாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாலை நாலு மணிக்குச் சாய்வெயில் தூண்களுக்கு நடுவே நேராக வந்து சுவரில் அறையும். அங்கே சாய்பலகை ஜன்னலடைப்புகள்தான் காப்பு. அடைப்புகளில் இரண்டு வகை உண்டு: கீழ்த்தளத்தில் கள்ளர் பயத்துக்குக் கெட்டிப்பலகை, மேல்மாடிகளில் காற்று நுழையும் சாய்பலகை. இன்று அழகுக்காகச் சுவரில் திருகி வைக்கும் பிளாஸ்டிக் அடைப்புகளை மூடவே முடியாது. கீல் இருக்கிறதா, இரண்டு கதவும் சேர்ந்தால் ஜன்னலின் அகலம் வருகிறதா என்று பார்த்தாலே போலியைக் கண்டுபிடித்துவிடலாம்.

வீட்டின் அகலம் ஓர் அறைதான் என்பதால் ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் வைக்க முடிகிறது. பியாசாப் பக்கம் பெரிய ஜன்னல்கள். எதிர்ப்பக்கச் சுவரில் புகைபோக்கிகளும் கணப்படுப்புகளும் இருக்கும், ஜன்னல்கள் குறைவு. அந்தச் சுவர்தான் பக்கத்து வீட்டுப் பியாசாவையும் தோட்டத்தையும் பார்க்கிறது. அண்டை வீட்டார் தாழ்வாரத்தில் தளர்வாக உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பக்கத்து ஜன்னலில் நின்று எட்டிப் பார்க்காமல் இருப்பதை 'வடபுற மரியாதை' என்று ஊரில் சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு ஒரே திசையில் தாழ்வாரம் வைத்ததால் வந்த ஒழுக்கம் இது.

மாடிகளுக்குள் ஒரு தரவரிசையும் உண்டு. மிகச் சிறந்த அறை தரைத்தளத்தில் இருக்காது. தெருப்புழுதிக்கும் ஈரத்துக்கும் மேலே, முதல் மாடியின் தெருப்பக்க அறைதான் வரவேற்பறை. செதுக்கு வேலை செய்த கணப்பு முகப்பும் பலகைப் பதிப்பும் அங்கேதான். படுக்கையறைகள் அதற்கும் மேலே.

தாழ்வாரம் எங்கே உளுக்கிறது

பியாசாவின் தரைப்பலகைகள் சுவரிலிருந்து வெளிநோக்கி ஓட வேண்டும், தரை வெளிப்பக்கம் சரிய வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் என்றால் 10 அடி அகலத்துக்கு இரண்டரை அங்குலச் சரிவு. பலகை இணைப்புகள் நீரோட்டத்தின் திசையிலேயே இருப்பதால் மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும். பலகையின் நான்கு பக்கமும், முக்கியமாக வெட்டுமுகமும், பொருத்துவதற்கு முன்பே வண்ணம் பூசப்பட வேண்டும். மரம் தண்ணீரை உறிஞ்சுவது வெட்டுமுகத்தின் வழியாகத்தான்.

முதலில் கெடுவது மூன்று இடங்கள். ஒன்று தூணின் அடி. மரத்தூண் உள்ளே கூடாக இருக்கும், மேல் இணைப்பில் இறங்கும் நீர் உள்ளே வழிந்து அடிப்பாகத்தில் தங்கும். அடியைச் சுற்றி வெடிப்பு தெரிந்தால் உடனே பசை வைத்து அடைத்துவிடுகிறார்கள். அதோடு நீர் வெளியேற இருந்த ஒரே வழியும் அடைபட்டு, இரண்டு மூன்று மழைக்காலத்தில் அடி உளுத்துப் பொடியாகிறது. செய்ய வேண்டியது மேலே அடைப்பதும் கீழே காற்று போக இடம் விடுவதும்தான். இரண்டாவது இடம் வெளிப்பலகை நுனி. மூன்றாவதுதான் ஆபத்தானது: தாழ்வார விட்டங்கள் செங்கல் சுவரில் நுழையும் குழி. அங்கே விட்டத்தின் தலை உளுத்து இறங்க இறங்க, தரையின் சரிவு குறைந்து கடைசியில் வீட்டுப் பக்கமாகத் திரும்பிவிடும். பிறகு ஒவ்வொரு மழையும் சுவருக்குள்ளேயே போகும். வருடத்துக்கு ஒருமுறை ஒரு மட்டப்பலகையைத் தரையில் வைத்துப் பார்ப்பது எந்த வண்ணப்பூச்சையும்விடப் பயனுள்ள பராமரிப்பு.

பியாசாவின் கூரையடியில் வெளிர்நீலம் பூசும் வழக்கம், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களான கல்லா கீச்சி மக்களின் நம்பிக்கையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. நீலம் கெட்ட ஆவிகளைத் தள்ளி நிறுத்தும் என்பது அவர்கள் மரபு.

கிளிஞ்சல் சுண்ணாம்பும் சிமென்டும்

இந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் எளிதில் கிடைக்காது, சிப்பி கிடைக்கும். சிப்பி ஓடுகளைச் சுட்டு, நீற்றி, மணல் கலந்து சாந்தாக்கினார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு செய்த அதே முறை. பழைய சார்ல்ஸ்டன் சுவரில் சாந்தை உற்றுப் பார்த்தால் முழுதாக நீறாத சிப்பித் துணுக்குகள் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். செங்கல் ஆற்றங்கரைப் பண்ணைகளில் அடிமைகளின் உழைப்பில் அறுக்கப்பட்டது. ஈரக்கல்லைத் திருப்பிப் போட்டபோது பதிந்த விரல்தடங்கள், சில கற்களில் குழந்தைகளின் சிறுவிரல்கள், இன்றும் தெருவில் நின்றபடி தொட்டுப் பார்க்கக் கூடியவை. இந்த நகரத்தின் அழகை யார் கட்டினார்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது.

அந்தக் கல் மென்மையானது, நீர் உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மை. தரையிலிருந்து ஏறும் உப்பு ஈரம் சாந்தின் வழியே வெளியேறி ஆவியாகும். சாந்து மெல்ல உதிரும், கல் தப்பிக்கும். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை சாந்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அந்தச் சுவரின் ஒப்பந்தம். சிமென்ட் வைத்துப் பாயிண்டிங் (கற்களுக்கு இடையிலான இணைப்புகளை நிரப்புவது) செய்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. சிமென்ட் ஈரத்தை விடாது. ஈரம் கல்லின் வழியே வெளியேறப் பார்க்கும், கல்லின் முகத்துக்குப் பின்னால் உப்பு பூக்கும், முகம் பொருக்கு தட்டி உதிரும். கடைசியில் சிமென்ட் கோடுகள் மட்டும் வலைபோலத் துருத்தி நிற்க, நடுவே கற்கள் குழிந்திருக்கும். அப்படி ஒரு சுவரைப் பார்த்தால் குற்றவாளி யார் என்று கேட்க வேண்டியதில்லை.

சரியான வேலை மெதுவானது. பழைய சாந்தைக் கையுளியால் இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் வரை சுரண்ட வேண்டும். சுழல்வெட்டி இயந்திரத்தைக் குறுகிய செங்குத்து இணைப்பில் வைத்தால் கல்லின் விளிம்பு போய்விடும். தூசி தட்டி, சுவரை நனைத்து, சொட்டும் ஈரம் அடங்கியதும், ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல் கலந்த சாந்தைக் கால் அங்குலப் படலங்களாக அழுத்தி நிரப்ப வேண்டும். ஒரு படலம் கட்டைவிரலால் அழுத்தினால் குழியாத அளவு இறுகிய பிறகுதான் அடுத்தது. முடிந்ததும் ஈரச்சாக்கு தொங்கவிட்டுச் சில நாள் வெயிலையும் காற்றையும் மறைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உண்டு இறுகுகிறது, அதற்கு ஈரம் தேவை. வேகமாகக் காய்ந்தால் மறுமாதமே விரலால் சுரண்டும்போது பொடியாக வரும். பல பேர் அப்போது சுண்ணாம்பைக் குறை சொல்கிறார்கள். குறை அவசரத்தில் இருக்கிறது.

நிலநடுக்கத்தின் இரும்புத் தகடுகள்

1886 ஆகஸ்ட் 31ஆம் தேதி இரவு 10 மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு, பெரும் நிலநடுக்கம் நகரத்தை உலுக்கியது. நகரில் சுமார் 60 பேர் இறந்தார்கள், கட்டடங்களில் பெரும்பாலானவை சேதமடைந்தன. தீக்கு அஞ்சிக் கட்டிய செங்கல் வீடுகள் அதிகம் அடிபட்டன, மரவீடுகள் ஆடி நின்றன. செங்கல் வீட்டின் பலவீனம் சுவருக்கும் தளத்துக்கும் இடையே பிடிப்பு இல்லாதது. விட்டங்கள் சுவர்க்குழியில் வெறுமனே உட்கார்ந்திருந்தன. ஆட்டத்தில் சுவர் வெளியே சாய்ந்தபோது விட்டம் குழியிலிருந்து உருவிக்கொண்டது.

இன்றும் சுவர்களில் தெரியும் வட்டம், சிலுவை, நட்சத்திர வடிவ இரும்புத் தகடுகள் அதற்குப் பிறகு வந்தவை. தளத்துக்கும் கீழ்த்தளக் கூரைக்கும் இடையே, சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. இரு முனையிலும் தகடு, மரை. நடுவில் இறுக்கும் திருகி. முறுக்கினால் சாய்ந்த சுவர் நிமிர்ந்துவிடும் என்று நினைத்து இறுக்குவது தவறு. மென்மையான கல்லில் தகடு புதைந்து சுவர் நொறுங்கும். கம்பியின் வேலை சுவர் இனிமேல் விலகாமல் பிடிப்பது மட்டுமே. கடற்காற்றில் துரு பிடிப்பதுதான் கம்பிக்கு இருக்கும் எதிரி. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். தகடைச் சுற்றிக் கதிர்போலப் பிளவு தெரிந்தால் உள்ளே கம்பி வீங்குகிறது என்று பொருள். சில தகடுகள் வெறும் அலங்காரம், பின்னால் கம்பியே இராது. வாங்குகிறவர்கள் தளத்தைத் திறந்து பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

பின்கட்டு

வீட்டுக்குப் பின்னால் மனை நீள்கிறது. சமையற்கட்டு தனிக்கட்டடம், தீ பயத்துக்கும் வெக்கைக்கும் ஒதுக்கி வைத்தது. அதற்கப்பால் துணி வெளுக்கும் அறை, வண்டிக் கொட்டகை, குதிரை லாயம், கழிப்பிடம். இவற்றின் மாடிகளில்தான் அடிமைகள் வாழ்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகர மக்களில் ஏறக்குறைய சரிபாதி அடிமைகள். ஆகவே 'குடியிருப்பு' என்று சொல்லும்போது பாதிக் குடியிருப்பு இந்தப் பின்கட்டுதான். முற்றத்தைச் சுற்றி உயர்ந்த மதில். கட்டடங்களின் ஜன்னல்கள் உள்முற்றத்தையே பார்க்கும், முதலாளியின் கண்ணுக்கு எட்டும்படி. எலிசபெத் தெருவின் எய்க்கன் ரெட் மாளிகையில் பின்கட்டு ஏறக்குறைய முழுதாக எஞ்சியிருக்கிறது. கிங் தெரு 27ஆம் எண்ணில் உள்ள மைல்ஸ் புரூட்டன் வீட்டு வேலியின் மேல் கூர்முனை இரும்பு உருளை ஒன்று ஓடுகிறது. 1822இல் டென்மார்க் வீசி தலைமையில் அடிமைகள் எழுச்சிக்குத் திட்டமிட்டது வெளியான பிறகு ஏறிய பயத்தின் வடிவம் அது. அதை அலங்கார இரும்பு வேலை என்று படம் எடுத்துப் போகிறவர்கள் பலர்.

அதே ஊரின் இரும்பு வேலைக்குப் பிந்திய நூற்றாண்டில் புகழ் தேடித் தந்தவர் பிலிப் சிம்மன்ஸ் (1912–2009) என்ற கறுப்பினக் கொல்லர். அவர் அடித்த வாயிற்கதவுகள் நகரம் எங்கும் நிற்கின்றன.

காப்பாற்றியதும் இழந்ததும்

உள்நாட்டுப் போருக்குப் பிந்திய வறுமைதான் இந்த வீடுகளை இடிக்காமல் விட்டது. இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லை. 1920களில் கார் வந்து, பெட்ரோல் பங்குக்கு இடம் தேடி வீடுகள் விழத் தொடங்கின. பலகைப் பதிப்புகளையும் கணப்பு முகப்புகளையும் கழற்றி வெளியூர்களுக்கு விற்றார்கள். சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட் 1920இல் பழைய வீடுகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். 1931இல் நகரமன்றம் ஒரு பகுதியையே வரலாற்றுக் குடியிருப்பாக அறிவித்து, வெளித்தோற்றத்தை மாற்றக் கட்டடக்கலை ஆய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும் என்றது. அமெரிக்காவில் இத்தகைய முதல் சட்டம் இதுதான். அதே ஆண்டு டோரதி லெக் ஈஸ்ட் பே வீடுகளை வாங்கி இளஞ்சிவப்புப் பூசியதிலிருந்து வானவில் வரிசை பிறந்தது. மாலுமிகள் குடித்துவிட்டு வீட்டை அடையாளம் காண வண்ணம் பூசினார்கள் என்பது கட்டுக்கதை. அந்த வண்ணத்துக்கு முன்பு இந்த இடிந்த வீடுகளில் வாடகைக்கு இருந்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் சீரமைப்புக்குப் பிறகு அங்கே இல்லை. சட்டம் கட்டடத்தைக் காத்தது, குடியிருந்தவர்களைக் காக்கவில்லை.

வாரியத்தின் கண் வெளிப்புறத்தோடு நிற்கிறது. இன்றைய சேதம் பெரும்பாலும் உள்ளேயும் அடியிலும் நடக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் வெளிக்காற்றில் அவ்வளவு ஈரம்: 23, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் துளிக்கும். ஏசியை 20 டிகிரிக்கு வைத்தால் தரைப்பலகையின் அடிப்பக்கம் குளிர்ந்து, கீழே உள்ள காற்றோட்டக் குழியின் ஈரம் அதில் வியர்க்கும். மேலே தரைவிரிப்பும் நடுவே பஞ்சுக் காப்பும் இருந்தால் அந்த ஈரம் காயவே காயாது. நூற்றாண்டு தாண்டிய வைரம் பாய்ந்த பைன் விட்டமும் மெத்தென்று ஆகிவிடும். அதற்குப் பிறகு ஃபார்மோசா கரையான் வரும். இந்த இனம் 1957லேயே சார்ல்ஸ்டனில் அடையாளம் காணப்பட்டது. ஏசியை 25க்கு மேல் வைத்து மின்விசிறி போடுவதும், குழாய்களுக்குச் சரியாக உறை போடுவதும் சிக்கனத்துக்காகச் சொல்வதல்ல, விட்டத்தைக் காப்பதற்கு. பியாசாவைக் கண்ணாடி போட்டு மூடி அறையாக்குவது இதில் மிக மோசம். வீட்டின் குடையை மடக்கிவிட்டு, நிழலை ஏசியிடம் விலைக்கு வாங்குகிற வேலை.

துறைமுக அலைமானியின் பதிவுப்படி நூறு ஆண்டில் கடல்மட்டம் ஓரடிக்கு மேல் ஏறியிருக்கிறது. தூர்த்த ஓடைகளின் மேல் பல தெருக்கள் ஓடுகின்றன. வாட்டர் தெரு ஒரு காலத்தில் ஓடை, பெயரே சொல்கிறது. ஓதம் ஏறும்போது நீர் பழைய வழியைத் தேடி வருகிறது. அதனால் இப்போது வீடுகளையே தூக்குகிறார்கள். அடிவிட்டத்துக்குக் கீழே எஃகு உத்தரங்களைச் செருகி, எல்லா ஜாக்கியையும் ஒரே எண்ணெய் அழுத்தத்தில் சேர்த்து, சில அங்குலம் ஏற்றி, மரக்கட்டைகளை அடுக்கி, மறுபடி ஏற்றுவது முறை. புகைபோக்கியும் பியாசாவும் வீட்டோடு சேர்ந்து ஏற வேண்டும். தனித்தனியாக ஏற்றினால் இணைப்பு பிளக்கும். வேலையில் கடினமான கேள்வி கடைசியில் வருகிறது: தெருக்கதவு எங்கே நிற்பது? வீட்டோடு நாலடி மேலே போனால் நடைபாதையை மறித்துப் படி கட்ட வேண்டும். கதவைப் பழைய மட்டத்திலேயே விட்டு, அதைத் திறந்ததும் உள்ளே தாழ்வாரத்துக்குள் படி ஏறும்படி வைத்தால் தெருவின் வரிசை குலையாது. பியாசாவில் முதல் ஆறேழு அடி படிக்குப் போய்விடும், மீதி நீளத்தில் நாற்காலி போட இடமிருக்கும்.